மலைக்குள் துகளும் மலைமேல் மாடும்

நியூட்ரினோ ஆய்வகம் தேனி மாவட்டத்துக்கு வந்துவிடாதா என்று ஏங்கியவள் நான். அது பொட்டிபுரத்தில் வேண்டாம் என்ற மனுவில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். ஏக்கம் தீர்ந்த பிறகு எதிர்ப்புக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே காலத்தில் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அந்த மனுவைப் பற்றிக் கேட்கும் பழைய மாணவர்களுக்கு இதுவரை பாதிப் பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. வடக்கே நிமிர்ந்தால் கொடைக்கானல் மலை. மழை பெய்த மறுநாள் தலையாறு அருவி வெள்ளை நூலாகத் தெரியும். அந்தத் தண்ணீர்தான் மஞ்சளாறாக இறங்கி அணைக்கு வருகிறது. அரசுப் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தே என் வேலைக்காலம் கழிந்தது. 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் எங்கள் தலைக்கு மேலே, அந்த மலையின் உச்சியில்தான் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். உலகப் பாடநூல்களில் இருக்கிற செய்தி இது. அடிவாரத்தில் வாழைத்தார் சுமக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. பெரிய அறிவியல் நம் மண்ணில் நடந்தாலும் நம் பிள்ளைகளைத் தாண்டியே போய்விடுகிறது என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆகவே போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அது என் வீட்டு வாசலுக்கே வருவது போல மகிழ்ந்தேன். வகுப்பில் அதைச் சொல்லாத வாரம் கிடையாது. நியூட்ரினோ என்று ஒரு துகள் இருக்கவேண்டும் என 1930-இல் பவுலி ஊகித்தார். 1956-இல்தான் அது கருவியில் சிக்கியது. சூரியனில் பிறக்கும் நியூட்ரினோக்கள் நம் நகக்கண் அளவுள்ள இடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிப் போகின்றன. உடம்பு, சுவர், பூமி எதையும் அவை பொருட்படுத்துவதில்லை. விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களின் இரைச்சலுக்கு நடுவே அவற்றைப் பிடிக்க முடியாது. மலை வேண்டியது அதற்காக. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருந்தால் மற்றவை வடிகட்டப்பட்டு நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும்.

இந்தியாவுக்கு இது புதுத்துறையும் அல்ல. கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965-இலேயே கண்டவர்களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் உண்டு. பிறகு சுரங்கம் நலிந்து, ஆராய்ச்சியும் நின்றுபோனது. ஜப்பான்காரர்கள் கமியோகா சுரங்கத்தில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி அமைத்தார்கள். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதை 1998-இல் காட்டினார்கள். 2015-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. நாம் முன்னால் நின்ற வரிசையில் பின்னால் போய்விட்டோம் என்ற ஆதங்கம் இயற்பியல் படித்த யாருக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது.

முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தைத்தான் பார்த்தார்கள். முதுமலைக்கு அருகே, யானை நடமாடும் வழி என்று 2009-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. அடுத்து எங்கள் மாவட்டத்துச் சுருளிப் பக்கம் பேச்சு எழுந்தது. அங்கே காடு அடர்த்தி. கடைசியில் தேவாரத்தை அடுத்த பொட்டிபுரம், அதன் மேற்கே நிற்கும் அம்பரப்பர் மலை. அடிவாரத்தில் 26.825 ஹெக்டேர் அரசு நிலத்தை மாநில அரசு கொடுத்தது. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள குகை, குகைக்குள் 50,000 டன் இரும்பில் ஒரு காந்தக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்.

‘ஒரு வீடுகூடக் காலிசெய்ய வேண்டியதில்லை, ஒரு பட்டா நிலம்கூடப் போகவில்லை, எல்லாம் புறம்போக்குதான்’ என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். நானும் வகுப்பில் அதைச் சொன்னேன். அது உண்மைதான்.

என் சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்தது தேவாரத்துக்குக் கீழே ஒரு சிற்றூரில். சித்தப்பா வீட்டில் மலைமாடு உண்டு. மலைமாடு பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாலுக்காக வளர்க்கிற மாடல்ல அது. கன்றுக்குப் போக மிஞ்சுவது ஒரு செம்புகூட இராது. மேய்ச்சலுக்கு மந்தையாக மலையேறும். மழைக்காலத்தில் சில மாதம் மேலேயே தங்கும், கோடையில் கீழே இறங்கும். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள். ராத்திரி விழும் சாணமும் மூத்திரமும்தான் அந்த வயலுக்கு உரம். மாட்டுக்காரருக்கு வருமானம் பெரும்பாலும் சாணத்திலிருந்துதான். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் வாழையும் தென்னையும் செழித்ததற்குக் காரணம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் என்று எல்லாரும் சொல்வோம். 1895-இல் அணையைக் கட்டிமுடித்த பென்னிகுயிக் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம். மலைமாட்டுச் சாணத்துக்கு யாரும் படம் மாட்டவில்லை.

தீவனம் விலைக்கு வாங்கி இந்த மாட்டை வளர்க்க முடியாது, கட்டிப்போட்டும் வளர்க்க முடியாது. ஊருக்கும் மலைக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பரப்பு இருந்தால்தான் அது பிழைக்கும். அந்தப் பரப்பு பார்வைக்கு வெறும் கல்லும் முள்ளும்தான். சித்தப்பா ஒருமுறை என்னை அதன் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் பாறையடியில் சித்திரையிலும் ஈரம் இருக்கும், எந்த ஓடையோரம் புல் முதலில் முளைக்கும், ஈன்ற மாட்டை எந்த மேட்டில் நிறுத்தினால் கண்ணில் இருக்கும் என்றெல்லாம் நடந்தபடியே சொன்னார். சுள்ளி பொறுக்கும் பெண்கள் எதிரே வந்தார்கள். மேலே அம்பரப்பருக்குப் பொங்கல் வைக்கப் போகிற தடம் தெரிந்தது. நான் வகுப்பில் புறம்போக்கு என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்ட நிலத்தில் அத்தனை பேர் நடந்துகொண்டிருந்தார்கள். அன்று ஒன்றும் முடிவு செய்துவிடவில்லை. மனதில் ஏறிய பாரம் மட்டும் இறங்கவில்லை.

ஊருக்குள் அச்சம் பெருகிய காலம் அது. கதிர்வீச்சு வரும், பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கும், மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்கத்தான் இந்த ஏற்பாடு, வெடிவைத்தால் பெரியாறு அணை உடையும் என்று பலவிதப் பேச்சு. மேடைகளில் இதையெல்லாம் உறுதியாகவே சொன்னார்கள். சின்னம்மா ஊரில் என்னை வந்து பேசச் சொன்னார்கள், ‘டீச்சருக்கு இது படிப்பு, அவங்க சொல்லட்டும்’ என்று. பள்ளிக்கூடத் திண்ணையில் பெட்ரோமாக்ஸ் காலத்துக் கூட்டம் போலத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கில்லை என்று சொன்னேன். இந்த நிமிடம் உங்கள் கைக்குழந்தையின் உடம்பு வழியாகவும் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆய்வகம் அதை உண்டாக்கப் போவதில்லை, வருவதைப் பார்க்க மட்டும்தான் போகிறது என்றேன். வெடிவைப்பதால் அதிர்வும் தூசும் உண்டு, கல் அள்ளுகிற லாரிகள் வருடக்கணக்கில் ஓடும், தண்ணீர் ஊற்றுக்கண் மாறுமா என்று கேட்பது நியாயமான கேள்வி என்றும் சொன்னேன். தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்வதுதான் என் தொழில்.

கூட்டத்தில் இருந்த சில இளைஞர்களுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. இப்படிப் பேசினால் போராட்டம் நீர்த்துப்போகும் என்றார்கள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். எங்களுக்கு உறவுதான், மாடு மேய்த்தே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர்.

“அந்தத் தூசி எங்க மேல புகுந்து போகும், ஒண்ணும் செய்யாதுங்கறே. சரி தாயி, நீ படிச்சவ, நம்புறேன். வேலி செய்யுமில்ல? வேலிக்குள்ள என் மாடு புகுந்து போகுமா?”

யாரும் பேசவில்லை. என்னிடமும் பதில் இல்லை. மேய்ச்சலுக்குத் தடை இராது என்று யாரோ அதிகாரி சொன்னதாக ஒருவர் எடுத்துச் சொன்னார். “எழுதிக் குடுத்தாகளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

கதிர்வீச்சு பற்றி இரண்டு மணிநேரம் பேசிய கூட்டத்தில், அந்த நிலத்தைப் பற்றிய ஒரே கேள்வி அவர் கேட்டதுதான். நான் மனுவில் கையெழுத்துப் போட்டது அந்தக் கேள்விக்காக. மனுவின் வாசகத்தில் கதிர்வீச்சு என்ற சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டால்தான் போடுவேன் என்றேன். பேனாவால் அடித்தார்கள், போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் எனக்கு நெருக்கடிதான். உடன் வேலைபார்த்த நண்பர்கள் வருந்தினார்கள். அப்துல் கலாம் ஆதரித்து எழுதியிருக்கிறாரே, நீங்கள் எப்படி என்று கேட்டார்கள். அவர் 2015 ஜூன் மாதம் ஆங்கில நாளிதழில் நியூட்ரினோ ஆராய்ச்சியின் பெருமையை விளக்கி எழுதியிருந்தார். அடுத்த மாதமே காலமானார். அவர் எழுதிய அறிவியலில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்த அவரிடம் நேரில் கேட்க முடிந்திருந்தால், கரையில் வலை உலர்த்துகிற இடத்தில் ஒரு நல்ல காரியத்துக்காக வேலி போட்டால் யாரைக் கேட்டுப் போடவேண்டும் ஐயா என்று கேட்டிருப்பேன்.

கடற்கரை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1985-இல் சென்னை மெரினாவை அழகுபடுத்துவதற்காக, மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்றப் பார்த்தார்கள். மீனவர் எதிர்த்தார்கள். அந்த டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடற்கரை எல்லாருக்கும் பொது, அதில் ஒரு கூட்டத்தார் மட்டும் கட்டுமரம் போட்டு வைத்துக்கொள்வதா என்று நகரத்தில் அன்று பேசினார்கள். மாலையில் காற்று வாங்க வருகிறவருக்கும் அந்த மணல் பொதுதான், அதிகாலையில் கடலுக்குப் போகிறவருக்கும் பொதுதான். ஆனால் ஒருவருக்கு அது இல்லாவிட்டால் வேறு பூங்கா இருக்கிறது, மற்றவருக்கு அடுப்பு எரியாது. பொது என்ற பெயரில் இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. பொட்டிபுரத்து மேய்ச்சல் நிலத்தை நாட்டின் நன்மைக்காக என்று கேட்டபோதும் இதே தராசைத்தான் தூக்கினார்கள். நாடு என்ற தட்டில் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். எதிர்த்தட்டில் சில நூறு மாட்டுக்காரர்கள்.

கடற்கரைக்கேனும் ஒரு காவல் கிடைத்தது. அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடம் வேண்டாம் என்று 1981-இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. அது எத்தனை முறை தளர்த்தப்பட்டிருந்தாலும், கரையில் ஒன்றைக் கட்ட நினைப்பவர் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். மேய்ச்சல் நிலத்துக்கு அப்படித் தனியாக ஒரு வேலி கிடையாது. ஊர்ப்பொது நிலங்களை மீட்டு ஊராருக்கே விடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது ஆக்கிரமிப்பாளர்களை நோக்கி. அரசே கொடுக்கும்போது கேட்பார் யார்?

ஹவாய்த் தீவில் மௌனா கியா என்று ஒரு மலை, 4,200 மீட்டர் உயரம். அதன் உச்சியில் 30 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி கட்ட உலக நாடுகள் சேர்ந்து முன்வந்தன, இந்தியாவும் அதில் ஒரு பங்காளி. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அது தெய்வமலை. 2015-இல் சாலையை மறித்தார்கள். முறைப்படி விசாரிக்காமல் அனுமதி கொடுத்தது செல்லாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபடி அனுமதி வந்து, 2019 ஜூலையில் வேலை தொடங்கப்போனபோது, ஊர்ப் பெரியவர்கள் சாலையில் உட்கார்ந்து கைதானார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் நினைவுதான் வந்தது. மஞ்சளாற்றங்கரையில் இருக்கும் அந்தக் கோயிலில் கருவறைக் கதவு திறப்பதில்லை, மூடிய கதவுக்குத்தான் பூசை. கதவுக்குப் பின்னால் என்ன என்று அளந்து பார்க்க யாரும் கேட்டதில்லை, கேட்கவும் விடமாட்டோம். என் ஊருக்கு அது நியாயம் என்றால் அம்பரப்பர் மலையைக் கும்பிடுகிறவர்களிடம் ‘பாறைதானே’ என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள் இயங்கும் நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றியும் படித்தேன். பல லட்சம் பேர் குடிக்கும் தண்ணீர் அந்த மலையிலிருந்து வருகிறது. 2002-இல் அங்கே ஒரு கருவியிலிருந்து வேதித் திரவம் கசிந்து ஓடையில் கலந்தது. நியூட்ரினோ யாரையும் தொடவில்லை, கருவிக்கு ஊற்றிய எண்ணெய்தான் வெளியே வந்தது. பொட்டிபுரத்துக்குத் திட்டமிட்ட கருவி அத்தகைய திரவத்தில் ஓடுவதல்ல, இரும்பும் கண்ணாடித் தகடும் வாயுவும் கொண்டது. இந்த வேறுபாட்டையும் கூட்டங்களில் சொன்னேன். தண்ணீரைப் பற்றிய ஒரு கேள்விக்கு நேர்மையான பதில், ‘இங்கே அந்த ஆபத்து இல்லை, வேறு இன்ன ஆபத்து இருக்கலாம், அளந்து பார்ப்போம்’ என்பது. அப்படி ஒரு பதிலை ஊராரிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னவர்கள் வெகு குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் வதந்தி குடியேறியது.

அந்த வதந்தியின் விலையைப் பிறகு பார்த்தோம். 2018 மார்ச் இறுதியில், வைகோ தலைமையில் நியூட்ரினோ எதிர்ப்பு நடைபயணம் மதுரையில் தொடங்கிய இடத்தில் அவர் கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்தார், பிழைக்கவில்லை. நான் அன்று முழுக்க அழுதேன். அவர் என்ன நம்பி உயிரை விட்டார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மலைக்காக ஒரு மனிதர் சாகும் அளவுக்கு அச்சத்தை ஊட்டிவிட்டோமே என்ற வேதனை மட்டும் எதிர்ப்புப் பக்கம் நின்ற எங்களுக்கு இருந்தே தீரவேண்டும்.

வழக்கு தனி வழியில் நடந்தது. வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வரும்வரை வேலை கூடாது என்று 2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற அமைப்பினர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். கேரளத்து மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருக்கிறது, மாநில எல்லைக்கு அருகே இப்படிப்பட்ட திட்டத்தைச் சாதாரண வகையில் வைத்து அனுமதித்தது தவறு, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்த அமைப்புக்கு அங்கீகாரமும் இல்லை என்பது வாதம். 2017 மார்ச் 20 அன்று தீர்ப்பாயம் 2011-இல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் புதிதாக அனுமதி கொடுத்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்துசெய்ய மறுத்தது, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக்கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே அங்கு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது: இந்த மலை மதிகெட்டானையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம், வைகைக்கு நீர்தரும் ஆறுகளின் பிடிப்புப் பகுதி, இங்கே சுரங்கம் தோண்ட அனுமதிக்க முடியாது.

சின்னம்மா ஊரில் வெடி வெடித்தார்கள். எனக்குப் பலர் தொலைபேசியில் பேசினார்கள், ‘ஜெயிச்சிட்டோம் டீச்சர்’ என்று. மறுமாதம் இன்னொரு செய்தி வந்தது. காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு மாநிலம் முழுவதும் தடை விதித்து 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாளில் அதைத் தளர்த்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா இவற்றுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அது ஆறுதலாகவில்லை. மேகமலையும் சேர்ந்த புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. மலைமாடு காலங்காலமாக ஏறிய இடங்களில் பல இப்போது அந்த எல்லைக்குள்.

இதைத்தான் நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் இருந்தேன். அந்த மூதாட்டியின் கேள்வி ஒரு நீதிமன்றத்திலும் அவருடைய கேள்வியாகப் போகவில்லை. 4.9 கிலோமீட்டராகப் போனது, அங்கீகாரமில்லாத அறிக்கையாகப் போனது, கடைசியில் புலியாகப் போனது. புலி பொய்யல்ல. அந்த மலையில் அது நடக்கிறது, நடக்கவும் வேண்டும். வழக்கறிஞர்கள் செய்ததிலும் குற்றமில்லை. சட்டத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாகத்தான் அவர்கள் நுழைய முடியும். மாட்டுக்காரருக்கு என்று ஒரு கதவு அந்தச் சட்டங்களில் இல்லை. ஆகவே மாட்டுக்காரர் தொடங்கிவைத்த எதிர்ப்பு, மாட்டுக்காரருக்கே மலையில் இடமில்லை என்று நாளை சொல்லக்கூடிய ஒரு காரணத்தால் வென்றது. ஆய்வகத்துக்கு மறுத்த அதே புலியின் பேரால் மேய்ச்சலுக்கும் மறுக்கலாம். மறுக்கத் தொடங்கியும் விட்டார்கள்.

எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். ஒரு பொது நிலத்தைக் காப்பாற்றப் புறப்படும்போது, எந்தக் காரணம் சீக்கிரம் வெல்லும் என்று தேடுகிற அவசரத்தில், நம் உண்மையான காரணத்தை ஏட்டில் ஏற்றாமல் விட்டுவிடுகிறோம். கூட்டம் சேர்க்கக் கதிர்வீச்சு, வழக்கை வெல்லப் புலி. நடுவில், ‘இந்த நிலத்தில் நான் நடக்கிறேன், இது எனக்கு வழி’ என்ற சாதாரணப் பேச்சு எங்கேயும் பதிவாவதில்லை. அது பதிவாகாதவரை அடுத்த திட்டம் வரும்போது, அது நல்லதோ கெட்டதோ, மறுபடி காலி நிலம் என்றுதான் எழுதுவார்கள்.

அதை எழுத ஒரு சட்டம் இல்லாமலும் இல்லை. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைப் பெயர்சொல்லியே குறிப்பிடுகிறது. பருவத்துக்குப் பருவம் மந்தையோடு வந்துபோகும் மேய்ப்பர்களையும் சொல்கிறது. கிராம சபைதான் உரிமைகோரலை முதலில் ஏற்கவேண்டிய மன்றம். பழங்குடியல்லாத மேய்ப்பர்கள் என்றால், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டவேண்டும். மலையில் மாடு மேய்த்தவர் வீட்டில் 75 ஆண்டுக் காகிதம் எங்கே இருக்கும்? ஆனால் தேடினால் சில இருக்கின்றன. வனத்துறை கொடுத்த பழைய மேய்ச்சல் பாஸ், தீர்வை கட்டிய ரசீது. மூத்தவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று விதி சொல்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் செய்துவருவது இதைத்தான். தேவதானப்பட்டியிலிருந்து பேருந்தில் போய், பெரியவர்கள் சொல்வதை எழுதி, எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த மாதம் என்று குறித்து, அவர்களிடமே வாசித்துக்காட்டிக் கைநாட்டு வாங்குகிறேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடம் போடுகிறார்கள். சித்தப்பா இப்போது இல்லை. அவர் சொன்ன இடங்களில் எனக்கு நினைவிருப்பவற்றையும் ஊராரைக் கேட்டுச் சரிபார்த்துச் சேர்த்திருக்கிறேன்.

அறிவியல் ஏக்கம் என்னவாயிற்று என்று மாணவர்கள் கேட்பார்கள். அது அப்படியேதான் இருக்கிறது. நியூட்ரினோ வகைகளில் எது கனமானது, எது இலேசானது என்ற வரிசையைக் கண்டறிவதுதான் பொட்டிபுரம் கருவியின் முதன்மை நோக்கமாக இருந்தது. அதே கேள்வியைத் தேடிச் சீனாவில் ஜூனோ ஆய்வகம் 2025-இல் பதிவுகளைத் தொடங்கிவிட்டது. செய்தியைப் படித்தபோது வலித்தது. நம் பிள்ளைகள் நம் மண்ணில் கண்டறிந்திருக்கக்கூடியது. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிக் கருவி ஒன்று தரைக்குமேலேயே இயங்குகிறது. தேனி மாவட்டப் பள்ளிகள் ஒவ்வொன்றும் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும் என்று பார்க்கிற ஆசிரியர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். விஞ்ஞானிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாளை வேறொரு மலையைத் தேடும்போது பாறையின் உறுதியை அளப்பதற்கு முன்னால், அடிவாரத்தில் மாடு எந்த வழியாக ஏறுகிறது என்று ஒரு வருடம் கூடவே நடந்து பாருங்கள். மேய்ச்சல் வழியை எழுத்தில் உறுதிசெய்து கிராம சபையில் வையுங்கள். அந்தக் காகிதத்தோடு வந்தால், அந்த மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நியூட்ரினோவை விளக்க நானே வருகிறேன்.

எங்கள் உரிமைகோரல் மனுவில் இன்னும் இரண்டு ஊர்களின் வாக்குமூலம் பாக்கி இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குள் அவற்றை முடிக்கவேண்டும்.